டெண்டர் யாருக்கு? 1942-ல் கேட்ட ஒரு கேள்வி

இடஒதுக்கீடுன்னு சொன்னதும் நமக்கெல்லாம் ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று காலேஜ் சீட், இன்னொன்று அரசு வேலை. எந்த டீக்கடை விவாதத்தை எடுத்தாலும் கட்-ஆஃப் மார்க்கில் ஆரம்பித்து குரூப்-1 பரீட்சையில் வந்து முடியும்.

ஆனா அரசாங்கம் மூணாவதா ஒரு வேலையும் செய்யுது. அது வாங்குது. பள்ளிக்கு பெஞ்ச், ஆஸ்பத்திரிக்கு பெட்ஷீட், ரயில்வேக்கு நட்டு போல்ட்டு, ஆபீசுக்கு சாஃப்ட்வேர், சாலை போட கான்ட்ராக்டர், குப்பை அள்ள கம்பெனி. நாட்டிலேயே பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம்தான். பணம் யாருடையது? நம்ம எல்லாருடைய வரிப்பணம். அப்படின்னா அந்தப் பணம் யார் கடைக்குப் போகுது? அந்தக் கடைக்காரர் தன் பட்டறையில் யாரை வேலைக்கு வைக்கிறார், யாரை வாசலோடு அனுப்பிடுறார்? இதைக் கேட்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டா?

இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்வியோட வரலாறு. வாஷிங்டனில் ஆரம்பித்து, டெல்லி, போபால் வழியா, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற சந்தவாசல் வரைக்கும் போகப்போறோம்.

வாஷிங்டன், 1941

இரண்டாம் உலகப்போர் நடக்குது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனா விமானமும் கப்பலும் துப்பாக்கியும் செய்ய அரசாங்கம் தனியார் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் மேல் ஆர்டர் கொடுக்குது. வேலையில்லாத் திண்டாட்டம் குறையுது. ஆனா யாருக்குக் குறையுது? பல தொழிற்சாலைகள் கறுப்பினத்தவரை கேட்டைத் தாண்டி உள்ளே விடவில்லை. விட்டாலும் துடைப்பம்தான் கையில் கொடுத்தார்கள்.

ரயில் தூங்கும் பெட்டிகளில் வேலை பார்த்த போர்ட்டர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். அவர் ஒரு அறிவிப்பு கொடுத்தார்: ஜூலை 1-ம் தேதி வாஷிங்டனை நோக்கிப் பேரணி. லட்சம் பேர் வருவார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஜனநாயகத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஆயுதமெல்லாம் என்று பேசிக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு, தலைநகரில் அப்படி ஒரு பேரணி பெரிய தலைகுனிவு. பேரணிக்கு ஆறு நாள் முன்னாடி, 1941 ஜூன் 25-ம் தேதி, அதிபர் ரூஸ்வெல்ட் 8802 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களில் இனி ஒரு நிபந்தனை சேரும்: இனம், மதம், நிறம், பிறந்த நாடு பார்த்து வேலை மறுக்கக் கூடாது. பேரணி நிறுத்தப்பட்டது.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. "எல்லாத் தொழிற்சாலைகளும் சமத்துவமா நடந்துக்கணும்"னு ரூஸ்வெல்ட் சட்டம் போடலை. அப்படி ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறும் நிலைமையும் அன்றைக்கு இல்லை. அவர் சொன்னது ஒரு வாடிக்கையாளர் சொல்ற மாதிரிதான்: "என் காசு வேணுமா? அப்போ என் நிபந்தனை இது." சட்டம் நுழைய முடியாத இடத்தில் பர்ஸ் நுழைந்தது.

அந்த ஆணைக்குப் பல் குறைவு. கண்காணிக்கப் போட்ட குழுவுக்கு தண்டிக்கும் அதிகாரம் இல்லை. 1946-ல் அந்தக் குழுவே போய்விட்டது. ஆனா யோசனை நின்றது. 1961-ல் கென்னடி போட்ட ஆணையில் 'பாகுபாடு காட்டாதே' என்பதோடு நிற்காமல், சமவாய்ப்புக்கு ஒப்பந்ததாரர் தானே முன்வந்து நடவடிக்கை எடுக்கணும் என்றார்கள். 1965-ல் ஜான்சன் 11246-ம் எண் ஆணை மூலம் அதை உறுதியாக்கினார். 1969-ல் நிக்சன் ஆட்சியில் பிலடெல்ஃபியா நகரத்தின் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு எண்ணிக்கை இலக்கும் காலக்கெடுவும் வந்தது.

டெல்லி, 1942

ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டு பதினாறு மாதம் கழித்து, டெல்லியில் கிட்டத்தட்ட இதே கேள்வியை ஒருவர் எழுப்பினார். டாக்டர் அம்பேத்கர். 1942 ஜூலையில் அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகச் சேர்ந்தார். இன்னைக்கு கணக்கில் மந்திரி மாதிரி. மத்தியப் பொதுப்பணித் துறை அவருடைய துறையின் கீழ் வந்தது. அதாவது கான்ட்ராக்ட் பட்டியல் அவர் மேஜைக்கே வந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி, பட்டியல் சாதி மக்களின் குறைகளைத் தொகுத்து அரசுக்கு ஒரு மனு கொடுத்தார். அரசியல் பிரதிநிதித்துவம், வேலை, கல்வி, வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை என்று நமக்குத் தெரிந்த கோரிக்கைகளெல்லாம் அதில் இருக்கு. கூடவே நாம அதிகம் பேசாத ஒன்றும் இருக்கு: அரசு ஒப்பந்தங்கள். பொதுப்பணித் துறையின் ஒப்பந்ததாரர் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேல் பேர். அதில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர். ஒரே ஒருவர்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. கல் உடைக்கிறவங்க, மண் சுமக்கிறவங்க, சுண்ணாம்பு அரைக்கிறவங்க யார்? பெரும்பாலும் அந்த மக்கள்தான். கட்டடம் அவங்க கையால எழும்புது. பில் மட்டும் வேற யாரோ பேர்ல போடப்படுது.

அந்த மனுவுக்குப் பலன் கிடைத்தது, ஆனா பாதிதான். 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு முதல்முறையாக 8⅓ சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. வேலைக்கதவு திறந்தது. கான்ட்ராக்ட் கதவு மூடியே கிடந்தது.

நம்ம ஊர் வரலாறும் இதே தடத்தில்தான் போச்சு. நீதிக்கட்சி ஆட்சி 1921-ல் முதல் வகுப்புவாரி அரசாணையைப் போட்டது. 1928-ல் அமைச்சர் முத்தையா முதலியார் காலத்தில் அது நடைமுறைக்கு உறுதியாக வந்தது. இந்தியாவுக்கே முன்னோடி. ஆனா அதுவும் பதவிகளைப் பற்றியதுதான். கொள்முதலைத் தொடவில்லை.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றும் காரணம் இது. வேலையை எண்ணலாம். நூறு நாற்காலி, அதில் யார் உட்கார்ந்திருக்கார்னு தலையை எண்ணிடலாம். டெண்டர் பார்க்க நடுநிலையா தெரியும். கவர்ல விலை இருக்கும், சாதி இருக்காது. குறைந்த விலை போட்டவருக்கு ஆர்டர். இதை எல்-1 என்பார்கள். இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும்?

ஆனா கவர் உள்ளே வர்றதுக்கு முன்னாடியே ஆட்டம் பாதி முடிஞ்சிருக்கும். முன்வைப்புத் தொகை கட்டப் பணம் வேணும். வங்கி உத்தரவாதம் வாங்கச் சொத்து வேணும். பில் பாஸ் ஆகிற வரைக்கும் ஆறேழு மாசம் கூலி கொடுத்துத் தாங்கணும். கடன் கொடுக்கும் மாமா வேணும், டெண்டர் வந்திருக்குன்னு போன் போட்டுச் சொல்லும் ஆபீசர் நண்பர் வேணும். தலைமுறை தலைமுறையா நிலமும் வியாபாரமும் மறுக்கப்பட்ட வீட்டில் இதெல்லாம் எங்கிருந்து வரும்?

போபால், 2002

அறுபது வருஷம் தாண்டுவோம். 2002 ஜனவரி 12, 13 தேதிகளில் போபாலில் ஒரு மாநாடு. மத்தியப் பிரதேச முதல்வர் திக்விஜய் சிங் கூட்டியது. சந்திரபான் பிரசாத் போன்ற தலித் சிந்தனையாளர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். அங்கே வெளியான போபால் பிரகடனத்தில், அமெரிக்காவில் புழங்கிய ஒரு சொல் இந்திய அரசியலுக்குள் வந்தது: 'சப்ளையர் டைவர்சிட்டி'. அரசுக்குப் பொருள் கொடுப்பவர்களிலும் பன்மை வேண்டும். மத்தியப் பிரதேசம் தன் கொள்முதலில் 30 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து வாங்க முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு கடைசியில் ஆட்சி மாறியது, வேகமும் குறைந்தது. ஆனா பேச்சு டெல்லி வரைக்கும் போயிடுச்சு. 2005-ல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபையும் இதைத் தொடர்ந்து கேட்டது.

2012-ன் கோடை வாசிப்போம்

2012 மார்ச்சில் மத்திய அரசு ஒரு ஆணை வெளியிட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின் 11-வது பிரிவின் கீழ் வந்தது. நான் பொழுதன்னைக்கும் அடுத்தவங்க எழுதின கோடை ரிவ்யூ பண்றவன். அதே பார்வையில் இதைப் படிக்கலாம்.

முதல் வரி: மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கணும். 2015 ஏப்ரலில் இருந்து கட்டாயம். அந்த இருபதுக்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு. 2018 நவம்பரில் மொத்தம் 25 ஆனது, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம் சேர்ந்தது.

அடுத்து, உதவி. டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகை வேண்டாம். விலையிலும் ஒரு வசதி. பெரிய கம்பெனி 100 ரூபாய்க்குக் கொடுக்கிறேன் என்கிறது. சிறு நிறுவனம் 112 என்கிறது. வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருப்பதால் அதைக் கூப்பிட்டு, "நீயும் 100-க்கு இறங்கி வர்றியா?" என்று கேட்கணும். சரி என்றால் ஆர்டரில் ஒரு பங்கு அதற்கு உண்டு. அரசுக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை. அழகான டிசைன்.

இப்போ முக்கியமான வரி. பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனம் யாரும் டெண்டரில் பங்கேற்கவில்லை என்றாலோ, நிபந்தனைகளையும் எல்-1 விலையையும் எட்டவில்லை என்றாலோ, அந்த 4 சதவீதத்தை மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம்.

புரோகிராம் எழுதுறவங்களுக்கு உடனே புரியும். இது ஃபால்பேக். டேட்டா கிடைக்கலைன்னா டீஃபால்ட் மதிப்பைப் போட்டுட்டுப் போயிட்டே இரு. எரர் வராது. அலாரம் அடிக்காது. டாஷ்போர்டில் மொத்த இலக்கு பச்சையா எரியும், உள்ளே ஒரு பகுதி காலியாவே கிடக்கும். நடந்ததும் அதுதான். பொதுத்துறை நிறுவனங்கள் சிறு நிறுவனங்களுக்கான மொத்த இலக்கைத் தாண்டிய ஆண்டுகளில்கூட, பட்டியல் சாதி, பழங்குடிப் பங்கு ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. இதைச் சரிசெய்ய 2016 அக்டோபரில் லூதியானாவில் தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஹப் தொடங்கினார்கள். பயிற்சி, சான்றிதழ் செலவு, இயந்திரம் வாங்க மானியம் எல்லாம் வந்தது. எண் மெல்ல நகர்ந்தது. நாலு இன்னும் தூரத்தில்தான்.

சந்தவாசல்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் தாண்டி போளூர் போகும் சாலையில் இருக்கு சந்தவாசல். படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை சுவர் மாதிரி நிற்கும். மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். பேரைப் பார்த்துக் கேரளான்னு நினைச்சுடாதீங்க, மலையை ஆள்பவர்கள் என்பது பொருள். சாமை, புளி, பலா, தேன் எல்லாம் மேலேயிருந்து கீழே வரும். காசு மேலே ஏறுவதற்குள் வழியில் பல கை மாறும்.

எங்க அம்மாவின் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் இருக்காங்க. ஒருமுறை போயிருந்தப்போ, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் பேசினேன். மலையாளி சமூகம். ராணிப்பேட்டைப் பக்கம் ஃபேப்ரிகேஷன் வேலை கத்துக்கிட்டு வந்து சொந்தமாப் பட்டறை போட்டவர். கட்டில், கேட்டு, ஜன்னல் கிரில் எல்லாம் செய்கிறார். 'உதயம்' பதிவு இருக்கு, ஜி.எஸ்.டி. இருக்கு, எஸ்.டி. சான்றிதழும் இருக்கு. அந்தச் சான்றிதழுக்கு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்ததே தனிக்கதைன்னு சிரித்தார்.

"அப்போ டெண்டர் போடலாமேண்ணா?" என்றேன்.

"போட்டேன் தம்பி. மூணு வருசத்துக்கு இவ்ளோ டர்ன்ஓவர் காட்டு, இதே மாதிரி வேலை அரசாங்கத்துக்கு முன்னாடி செஞ்சிருக்கியா காட்டுன்னாங்க. டர்ன்ஓவர் வரணும்னா டெண்டர் கெடைக்கணும். டெண்டர் கெடைக்கணும்னா டர்ன்ஓவர் வேணும். நான் எங்க போயி ஆரம்பிக்கறது?"

எங்க தொழிலில் இதற்கு சர்குலர் டிபெண்டன்சின்னு பேர். ஏ ஓடணும்னா பி வேணும், பி ஓடணும்னா ஏ வேணும். ரெண்டும் ஓடாது.

"மேல ஹாஸ்டல்ல எங்க புள்ளைங்கதான் படுக்குது. அந்தக் கட்டில நான் செஞ்சா ஆவாதா? இப்பவும் நான்தான் செய்யறேன். கான்ட்ராக்டு எடுத்தவரு எங்கிட்ட கொடுத்து செய்ய வெச்சு வாங்கினு போறாரு. பில்லு அவரு பேர்ல."

1942-ல் அம்பேத்கர் மேஜைக்கு வந்த பட்டியலும் இதே கதையைத்தான் சொன்னது. வேலை ஒருவர், பில் இன்னொருவர்.

அவரிடம் நான் 4 சதவீதக் கொள்கையைப் பற்றிச் சொன்னேன். ஆனா அதில் ஒரு சிக்கல். அந்த ஆணை மத்திய அமைச்சகங்களையும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்தும். மலைமேல் இருக்கும் அரசு விடுதியும், ஊராட்சி ஒன்றியமும், மாவட்ட ஆஸ்பத்திரியும் மாநிலத்தின் கீழ் வருது. அங்கே தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. மத்திய ஆணையின் 4 சதவீதம் அங்கே செல்லாது. அனுபவம், டர்ன்ஓவர் நிபந்தனையைச் சிறு நிறுவனங்களுக்குத் தளர்த்தலாம் என்ற மத்திய சலுகையிலும் 'தளர்த்தலாம்'னுதான் இருக்கு, 'தளர்த்தணும்'னு இல்லை.

தமிழ்நாடு அரசு 2023-ல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத முதலீட்டு மானியம், 6 சதவீத வட்டி மானியம். நல்ல திட்டம். மெஷின் வாங்க உதவும். ஆனா மெஷினில் செய்ததை யார் வாங்குவார்?

இது வெறும் வியாபாரப் பிரச்சினை இல்லை. 2015 ஏப்ரல் 7-ம் தேதி, திருப்பதி பக்கத்தில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரை ஆந்திரச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது நினைவிருக்கும். இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் சுற்று ஊர்களையும் சேர்ந்தவர்கள். சொந்த ஊரில் கௌரவமான வேலை இல்லாத இடத்தில்தான் ஏஜென்ட்டின் குரல் இனிக்கும்.

எதிர்வாதமும் கேட்போம்

"இப்படி ஒதுக்கினா பினாமிதான் வரும்"னு சொல்வாங்க. அந்தப் பயத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. நம்ம தமிழர்கள் வாழும் மலேசியாவைப் பாருங்க. 1969 கலவரத்துக்குப் பிறகு, 1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையில் பூமிபுத்ரர்களுக்கு அரசு ஒப்பந்தங்களில் முன்னுரிமை வந்தது. அங்கே 'அலி பாபா' என்று ஒரு சொல் புழங்கியது. பேர் அலியுடையது, தொழில் பாபாவுடையது. லைசென்ஸ் ஒருவர், லாபம் இன்னொருவர். அதோடு, தோட்டத்தில் உழைத்து நாட்டை வளர்த்த ஏழைத் தமிழர்கள் அந்த முன்னுரிமை வட்டத்துக்கு வெளியே நின்றார்கள். யாரை உள்ளே சேர்க்கிறோம், யார் நிஜமாகத் தொழில் செய்கிறார் என்று தொடர்ந்து பார்க்காவிட்டால் நல்ல கொள்கையும் தரகர் கையில் போகும்.

ஆனா பக்கத்து மாநிலத்தையும் பாருங்க. கர்நாடகம் 2016-ல் தன் கொள்முதல் சட்டத்தையே திருத்தியது. 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளில் பட்டியல் சாதிக்கு 17.15 சதவீதம், பழங்குடிக்கு 6.95 சதவீதம். 2023-ல் வரம்பு ஒரு கோடி ஆனது. 2025-ல் முஸ்லிம்களுக்கு 4 சதவீதம் சேர்த்துப் போட்ட மசோதா பெரும் சர்ச்சையாகி, ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். சண்டை வருது, வழக்கு வருது. ஆனா அங்கே கேள்வி சட்டமன்றத்துக்குள் வந்துடுச்சு. வகுப்புவாரி ஆணையில் நாட்டுக்கே வழிகாட்டிய நம்ம மாநிலம் இதில் பின்தங்கி இருக்கு.

இன்னொரு பக்கமும் உண்டு. இவ்வளவு நேரம் 'யாரிடம் வாங்குவது' என்று பேசினோம். அமெரிக்காவின் 1941 கேள்வி வேறு: 'விற்பவர் யாரை வேலைக்கு வைக்கிறார்?' நம்ம நாட்டில் அந்தக் கேள்வி அதிகம் கேட்கப்படவே இல்லை. இப்போ கேட்டாகணும். ஏன்னா அரசு வேலைகள் ஒவ்வொன்றா ஒப்பந்தத்துக்குப் போகுது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கும். பெரும்பாலும் தலித் பெண்கள். தங்கள் வேலையைத் தனியார் ஒப்பந்தத்துக்குக் கொடுக்காதே என்பது அவர்கள் கோரிக்கை. அரசு தானே வேலைக்கு எடுத்தால் இடஒதுக்கீடு உண்டு. அதே வேலையை ஒப்பந்ததாரர் எடுத்தால் அந்தக் கடமை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. 1943-ல் திறந்த கதவும் இப்படித்தான் சத்தமில்லாமல் சாத்தப்படுது.

ஆணை ஒன்றை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 1965-ல் வந்த அமெரிக்க ஆணையை 2025 ஜனவரி 21-ம் தேதி டிரம்ப் ஒரு கையெழுத்தில் ரத்து செய்தார். அறுபது வருஷம், ஒரு பேனா. நம்ம 4 சதவீதமும் ஆணையில்தான் இருக்கு, சட்டத்தின் வாசகத்தில் இல்லை.

அதனால் நான் கேட்பது மூணு விஷயம். ஒன்று, தமிழ்நாட்டுக் கொள்முதலுக்கும் ஒரு பங்கு சட்டத்திலேயே எழுதப்படணும். ரெண்டு, அந்தப் பங்கு நிரம்பலைன்னா சத்தமில்லாம வேற பக்கம் போகக் கூடாது. ஏன் நிரம்பலைன்னு அந்த அலுவலகம் எழுதி, எல்லாரும் பார்க்க வெளியிடணும். எரரை மறைக்கிற கோடை நாங்க ரிவ்யூவில் விடமாட்டோம், அரசாங்கமும் விடக் கூடாது. மூணு, வேலை ஒப்பந்ததாரரிடம் போனால் சமவாய்ப்புக் கடமையும் கூடவே போகணும்.

உங்க ஊர் நகராட்சியோ ஒன்றியமோ கடைசியா கொடுத்த பத்து டெண்டர் யாருக்குப் போச்சுன்னு தேடிப் பாருங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க பத்து ரூபாய்தான் ஆகும். கிடைச்ச பதிலை எனக்கு அனுப்புங்க, இன்னொரு எபிசோடில் சேர்த்து வைத்துப் பேசலாம்.